ஸ்குவாட்ரன் லீடரும் திருமதியும்

அழைப்பிதழ் வந்த அன்று என் கணவர் ஒரே நொடியில் விமானப்படை அதிகாரி ஆகிவிட்டார். ‘ஸ்குவாட்ரன் லீடர்’ என்று தடித்த எழுத்தில் போட்டு, அதை அடுத்து அவருடைய பெயர். அதன் பின்னால் ‘மற்றும் திருமதி’. அந்தத் திருமதி நான்.

என் கணவர் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், நியூ லின் மாலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் ஏறமாட்டார். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் நான்தான் ஏறுவேன். அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு “பாத்து, பாத்து” என்பார். ஊருக்குப் போகும்போது விமானம் தரையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் என் கையைப் பிடித்து நசுக்கிவிடுவார். விமானப்படையில் இருந்தது நான். பொறியியல் பிரிவில் சேர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, ஸ்குவாட்ரன் லீடராக வெளியே வந்தேன். தரைப்படைக் கணக்கில் சொன்னால் மேஜருக்குச் சமம்.

தவறு எங்கே நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது கணவரின் பெயர். நம் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயர், பின்னால் அவர் பெயர். அதனால் இந்த ஊரில் டாக்டர் வீட்டு வரவேற்பிலிருந்து மின்சாரக் கம்பெனி வரை எல்லாரும் என்னைக் கணவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியபோதும் பதவியைப் போட்டு, என் முதலெழுத்தைப் போட்டு, அந்தப் பெயரைப் போட்டிருந்தேன். படித்தவர் தமிழர். அது ஆண் பெயர் என்று அவருக்குத் தெரியும். ஸ்குவாட்ரன் லீடர் என்றால் ஆண் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டும் பொருந்திப் போனதால் மேற்கொண்டு யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சங்கம் என்று சொன்னது, ஆக்லாந்தில் குடியேறிய ஓய்வுபெற்ற இந்திய ராணுவ, கடற்படை, விமானப்படை அதிகாரிகளின் கூட்டம். வருடத்துக்கு ஒரு முறை பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து விருந்து வைப்பார்கள். விருந்துக்கு முன்னால் யாராவது ஒருவர் போர் வரலாறு பற்றிப் பேசுவார். நான் பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த முறை விமானப்படைக்காரர் ஒருவர் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ‘குதிரைப்படைத் துரைமார்களும் முதல் போர் விமானங்களும்’ என்று ஒரு தலைப்பை எழுதி அனுப்பினேன். அற்புதமான தலைப்பு என்று பதில் வந்தது. அதை ரசித்தவர் சங்கத் தலைவர். பழைய குதிரைப்படை ரெஜிமென்ட் ஒன்றில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர், கோயம்புத்தூர்க்காரர். குதிரையெல்லாம் அவர் காலத்துக்கு வெகு முன்பே போய்விட்டது. டாங்கிதான் ஓட்டினார்கள். ஆனாலும் பேச்சில் குதிரை இருக்கும்.

அழைப்பிதழைப் பார்த்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். பெயரைச் சொன்னதுமே மனிதர் குரலில் தேன் வடிந்தது.

“சொல்லுங்க அம்மணி. சார் நல்லா இருக்காருங்களா? அவர் பேச்சுக்காகத்தான் எல்லாரும் காத்துட்டு இருக்கோம்.”

“சார், பேசப்போறது நான்தான்” என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். “அது எல்லா ஊட்லயும் அப்படித்தானுங்க அம்மணி! எங்க ஊட்லயும் அவதான் பேசுவா, நான் கேட்டுக்குவேன். சார்கிட்டச் சொல்லுங்க, அரை மணி நேரம் போதும். படம் போடறதுக்குத் திரை இருக்குது.”

நான் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள், பெண்கள் மேசைக்கு விளையாட்டும் பரிசும் இருக்கிறது, என்னை அவசியம் எதிர்பார்க்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திரும்ப அழைத்திருக்கலாம். தெளிவாக ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். மகள்கூட அதைத்தான் சொன்னாள். “ம்மா, ஜஸ்ட் ஈமெயில் தெம். இட்ஸ் நாட் எ பிக் டீல்.” அவளுக்கு அது பெரிய விஷயம் இல்லைதான். இங்கே பிறந்தவள், பிரதமராகப் பெண்களைப் பார்த்தே வளர்ந்தவள். எனக்கோ அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பிடிவாதம் ஏறிவிட்டது. நான் யார் என்பதை ஒரு விண்ணப்பமாக அனுப்பி, அவர்கள் அதைப் பரிசீலித்து, சரி என்று சொல்ல வேண்டுமா? முடியாது. அங்கேயே போய் நிற்கிறேன், கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணவருக்கோ கொண்டாட்டம். கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்துப் பார்த்தார். உள்ளங்கை தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

“ஒரே ஒரு நாள் நான் ஸ்குவாட்ரன் லீடரா இருந்துட்டுப் போறேனே. உனக்கென்ன நஷ்டம்?”

“நான் சம்பாதிச்சதுங்க அது.”

“தெரியும்மா. கேலிக்குச் சொன்னேன்” என்று கையை இறக்கிக்கொண்டார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

இந்தக் கோபம் நேற்று முளைத்தது இல்லை. பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கிய காலத்தில் சேர்ந்தவள் நான். தேர்வுக் குழுவில் இருந்தவர் என்னிடம் இன்ஜின் பற்றி ஒரு கேள்வியும், கல்யாணம் பற்றி நாலு கேள்வியும் கேட்டார். என் முதல் விமானத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை, அதிகாரிகள் மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். என் பின்னால் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று நினைத்து, நானும் விறைப்பாகத் திரும்பி நின்றேன். வாசலில் யாருமே இல்லை. பெண்மணி ஒருத்தி உள்ளே வந்தால் ஆண்கள் எழ வேண்டும் என்பது மெஸ் வழக்கம். அதிகாரிகளின் மனைவிமார் வரும்போது அப்படித்தான் எழுவார்கள். அந்த அறையில் பதவியில் ஆகக் கடைசி ஆள் நான். என்னைப் பார்த்து விமானத் தளத்தின் தலைவர் உட்பட எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நான் அவருக்கு வணக்கம் வைக்க வேண்டியவள், அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

மரியாதைதானே, இதில் என்ன குறை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். குறை இருக்கிறது. எழுந்து நிற்கிறவர்கள் நான் உட்காரும் வரை பேச்சை நிறுத்திவிடுவார்கள். உட்கார்ந்த பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் எந்த விமானத்தில் என்ன கோளாறு, யார் எப்படி இறக்கினார், இதெல்லாம் நான் போன பிறகுதான். மறுநாள் ஹேங்கரில், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதே விமானத்தை அதே ஆள் எடுத்துக்கொண்டு பறப்பார். உயிரை என் கையெழுத்தை நம்பிக் கொடுப்பார்கள், என்னை நம்பி ஒரு வம்புப் பேச்சுப் பேசமாட்டார்கள். மரியாதையாலேயே ஒரு ஆளை வெளியே நிறுத்த முடியும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

கடைசியில் வெளியே போகச் சொன்னபோதும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்றைய விதிப்படி பெண்களுக்குக் குறுகிய காலப் பணி மட்டும்தான். என்னோடு பயிற்சி முடித்த ஆண்கள் தொடர்ந்தார்கள், அடுத்தடுத்த பதவிக்குப் போனார்கள். எனக்குப் பூங்கொத்தும் வெள்ளித் தட்டும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தத் தட்டை நான் நியூசிலாந்துக்கு எடுத்து வரவில்லை. பதவியை மட்டும் எடுத்து வந்தேன். ஓய்வுக்குப் பிறகும் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அந்த ஒன்றைத்தான் இந்த அழைப்பிதழ் தூக்கி என் கணவர் தலையில் வைத்திருந்தது.

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை. வேலி ஓரமாக நின்று அவரிடம் இந்தக் கதையை எல்லாம் கொட்டினேன். அழைப்பிதழ் விஷயத்துக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். பேச்சின் தலைப்பைச் சொன்னதும் முகம் மாறியது.

“பிளேன் எண்டா உங்களுக்கு இன்ஜின் ஞாபகம் வரும். எனக்கு பங்கர்தான் ஞாபகம் வரும். இஞ்சை வந்து இவ்வளவு காலமாகியும், மேலை சத்தம் கேட்டா முதல்லை பிள்ளையள் எங்கை எண்டுதான் பாக்கிறனான்.”

நான் எந்த நாட்டின் விமானத்தைப் பழுது பார்த்தேன், அவர் எந்த விமானத்துக்குப் பயந்து ஒளிந்தார் என்று வேலியோரம் நின்று பிரித்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

“நான் போகக் கூடாதுங்கறீங்களா அக்கா?”

“ஐயோ, ஏன் போகக் கூடாது? ஓம், போய்க் கதையுங்கோ. மேலை இருந்தவையைப் பற்றியே கதைக்காமல், கீழை நிண்ட சனத்தைப் பற்றியும் ரெண்டு சொல்லுக் கதையுங்கோ. அவ்வளவுதான்.”

விருந்துக்கு அழைப்பிதழில் உடை விவரமும் இருந்தது. ஆண்களுக்குக் கோட்டும் பதக்கங்களும், பெண்களுக்குப் புடவை. நான் கரும்பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, என் பதக்கங்களை இடது பக்கம் குத்திக்கொண்டேன். கணவர் தன்னுடைய ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டார். அதில் குத்துவதற்கு ஒன்றும் இல்லை.

கூடத்து வாசலில் நின்ற பழைய கடற்படைக்காரர் ஒருவர் என் தோள் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாக, என்னைச் சங்கடப்படுத்தாமல் சொல்ல வேண்டுமே என்ற அக்கறையோடு, “மேடம், அப்பாவின் பதக்கங்களா? இந்த ஊரில் உறவினர் பதக்கத்தை வலது பக்கம் போட வேண்டும்” என்றார். அவர் சொன்ன வழக்கம் சரிதான். இங்கே போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் நாளில் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பதக்கங்களை வலது மார்பில் போட்டுக்கொண்டு வருவார்கள். இடது பக்கம் போட, தானே சேவை செய்திருக்க வேண்டும்.

“என் அப்பா தபால் அலுவலகத்தில் இருந்தார், சார். இவை என்னுடையவை” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் சொன்னது காதில் விழுந்தது, மனதுக்குள் போகவில்லை. பக்கத்தில் நின்ற என் கணவரிடம் கையை நீட்டி, “வெல்கம், ஸ்குவாட்ரன் லீடர்” என்றார். கணவர் என்னைப் பார்த்தார். பேசாதீர்கள் என்று கண்ணால் சொன்னேன்.

அவரை மேடைக்குப் பக்கத்து மேசைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். என்னைப் பெண்கள் மேசைக்கு. அங்கிருந்த பெண்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வீட்டைப் பெட்டியில் கட்டியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குப் பள்ளி மாற்றியவர்கள், எல்லையிலிருந்து செய்தி வராத நாட்களைத் தனியாகத் தாண்டியவர்கள். எனக்கு ஆரஞ்சுச் சாறும் முந்திரியும் எடுத்துக் கொடுத்து, “உன் வீட்டுக்காரர் பேசி முடிக்கட்டும், அப்புறம் தம்போலா, நம்பர் விளையாட்டு இருக்கிறது” என்று தேற்றினார்கள். என் எதிரே அட்டையில் ‘திருமதி’ என்று எழுதியிருந்தது. அதைத் திருப்பி வைத்தேன்.

கர்னல் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். உயரமான மனிதர், முதுகு இன்னும் வளையவில்லை. ஆங்கிலத்தில் அழகாகப் பேசினார். நம்மிடையே ஒரு விமானப்படைப் பொறியாளர் இருக்கிறார், இத்தனை நாள் ஒளிந்திருந்தார், இப்போது பேசுவார் என்று சொல்லி, என் கணவர் பக்கம் கையை நீட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். கணவர் எழவில்லை. தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது.

நான் எழுந்து நடந்தேன். மேடையருகே போனதும் வழக்கம் தவறாமல் முன்வரிசை மேசைகளில் எல்லாரும் எழுந்தார்கள். ஸ்குவாட்ரன் லீடரின் மனைவி கணவருக்குப் படம் போட வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள். கர்னல் ஒலிபெருக்கியை எனக்கு வசதியாகத் தாழ்த்திக் கொடுத்தார்.

“எல்லாரும் உட்காருங்கள், சார்” என்றேன். “நான்தான் அந்த ஸ்குவாட்ரன் லீடர். அங்கே உட்கார்ந்திருப்பவர் என் கணவர். அவர் கண் பரிசோதகர். உங்களில் யாருக்காவது பார்வை சரியில்லை என்றால் விருந்துக்குப் பிறகு அவரைப் பார்க்கலாம்.”

பெண்கள் மேசையிலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. கர்னல் சிரிக்கவில்லை. என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

பேச்சு எனக்குச் சுலபமாக வந்தது. வருடக்கணக்கில் மனதுக்குள் பேசி வைத்திருந்தேன் போலிருக்கிறது. முதல் விமானங்கள் படைக்கு வந்தபோது மூத்த அதிகாரிகளின் பெரிய கவலை, அந்தச் சத்தத்தில் குதிரைகள் மிரண்டுவிடுமே என்பதுதான். விமானம் ஓட்ட ஆள் எடுத்தபோது, உனக்குக் குதிரை ஏறத் தெரியுமா என்று கேட்டார்கள். கடிவாளம் பிடித்துப் பழகிய கைக்குத்தான் விமானம் படியும் என்று நம்பினார்கள். குதிமுள் வைத்த பூட்ஸோடு ஏறி இறக்கைத் துணியைக் கிழித்தவர்களும் உண்டு என்று சொல்வார்கள். அன்றைய சுழல் இன்ஜின்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். அது பறக்கும்போது ஓட்டுகிறவர் முகத்தில் தெளிக்கும், வாய்க்குள் போகும். எத்தனை பெரிய குடும்பத்துத் துரையாக இருந்தாலும் இறங்கியதும் ஓட வேண்டிய இடத்துக்கு ஓடித்தான் ஆக வேண்டும் என்றேன். கூடமே அதிர்ந்தது. விளக்கெண்ணெய் குடிக்காமல் வளர்ந்தவர் எங்களில் யாரும் இல்லை. கர்னல்கூடச் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஒரு நாட்டுப் படையில் ஓட்டுகிறவன் சாதாரணச் சிப்பாய், பின்னால் உட்கார்ந்து வேவு பார்க்கிறவர்தான் அதிகாரி. விமானம் ஓட்டுவது வண்டி ஓட்டுகிற வேலை, துரை செய்கிற வேலை இல்லை என்று நினைத்தார்கள். இன்னொரு நாட்டில் சார்ஜென்டுகளும் விமானம் ஓட்டினார்கள். வானத்தில் அதிகாரியோடு இறக்கைக்கு இறக்கை பறந்துவிட்டு, இறங்கியதும் சாப்பாட்டுக்கு வேறு வாசல். இறக்கைத் துணியைத் தைத்தவர்கள் பெண்கள். அவர்கள் போட்ட தையலை நம்பித்தான் எல்லாரும் மேலே போனார்கள். இந்த ஆக்லாந்திலேயே ஒரு கடற்கரையில், முதல் உலகப் போரின்போது மிதவை விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட பையன்கள் கப்பலேறிப் போய் அந்தத் துரைமார்களோடு சேர வேண்டியிருந்தது. நம் நாட்டு ஆட்களுக்கோ, இவர்கள் கைக்கு இயந்திரம் படியாது என்று சொல்லி வெகுகாலம் கதவைத் திறக்கவே இல்லை.

“இயந்திரத்தை எல்லாரும் சீக்கிரமாக உள்ளே விட்டுவிட்டார்கள். அது போரை ஜெயித்துக் கொடுத்தது. அதோடு வந்த ஆளைத்தான் வாசலில் நிறுத்தினார்கள்” என்றேன். பிறகு பக்கத்து வீட்டு அக்காவை நினைத்துக்கொண்டு, மேலே பறந்தவர்களின் கதையை நாம் இத்தனை பெருமையாகச் சொல்கிறோம், கீழே பிள்ளையை இழுத்துக்கொண்டு குழிக்குள் ஓடினவர்களைக் கேட்டால் இதே கதை வேறு மாதிரி இருக்கும், அவர்களில் சிலர் இந்த ஊரில் நம் அண்டை வீட்டில் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. தட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு மேசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கர்னலும் அதில் ஒருவர். அவர் எங்கெங்கே பணியில் இருந்தார் என்று நான் கேட்டதில்லை.

பேசி முடித்ததும் அவர் எழுந்து நன்றி சொன்னார். நேர்மையாகவே சொன்னார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் கேட்டதிலேயே சிறந்த பேச்சு என்றார். அழைப்பிதழில் நடந்த தவறுக்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இத்தனை திறமையான மனைவியை இன்று நமக்காக விட்டுக்கொடுத்த கணவருக்கும் நன்றி” என்று சேர்த்துக்கொண்டார். என் கணவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் குழுப் படம். இதற்கு எங்கள் மெஸ்களில் ஒரு முறை உண்டு. முன்னால் ஒரு வரிசை நாற்காலி. நடுவில் மூத்த அதிகாரிகள் சிலர் உட்காருவார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் பெண்கள் உட்காருவார்கள். மற்ற அதிகாரிகள் பதவி வரிசைப்படி பின்னால் நிற்பார்கள். யாரும் யாரிடமும் கேட்காமலே, ஓய்வுபெற்று எத்தனை காலமானாலும், அவரவர் இடத்துக்குக் கால் தானாகப் போகும். என் காலும் போனது. எனக்கு ஒரு படி மேலான விங் கமாண்டர் ஒருவருக்கும் ஒரு படி கீழான ராணுவக் கேப்டன் ஒருவருக்கும் நடுவில் போய் நின்றேன். இருவரும் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள்.

கர்னல் நாற்காலிகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார். முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

“அம்மணி, இங்க வந்து உக்காருங்க” என்று தமிழில் மெதுவாகச் சொன்னார்.

“என் இடம் இதுதான், சார்.”

“பேச்செல்லாம் நல்லாப் பேசுனீங்க. நான் ஒத்துக்கிட்டேன். இது வேறங்க. பொம்பளைங்களை நிக்க வெச்சுட்டு நாங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்? எங்களுக்குப் பழக்கம் இல்லீங்க.”

“நீங்க கர்னல், சார். நான் ஸ்குவாட்ரன் லீடர். நீங்க உக்காரணும், நான் நிக்கணும். அதுதானே பழக்கம்?”

“நீங்க உக்காராம நான் உக்கார மாட்டேன்” என்றார். அது கோபம் இல்லை. உண்மையாகவே அவரால் முடியவில்லை. அவர் அம்மாவும் அவர் ரெஜிமென்ட்டும் ஒரே குரலில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்காக நான் எத்தனையோ நாற்காலிகளில் உட்கார்ந்தாயிற்று. மனைவிமார்களுக்கான நாற்காலி, விருந்தாளிக்கான நாற்காலி, கடைசியில் பூங்கொத்தோடு வழியனுப்பிய அன்று படத்துக்கு நடுவில் போட்ட நாற்காலி. போதும்.

“அப்ப ரெண்டு பேரும் நிப்போம், சார்” என்றேன்.

படம் எடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண் கேமராவை இறக்கிவிட்டு என்ன பிரச்சினை என்பது போலப் பார்த்தாள். நின்ற வரிசையில் யாரோ இருமினார்கள். பக்கத்திலிருந்த விங் கமாண்டர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையில் எல்லாரும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். நான் சாயந்திரத்திலிருந்து குதிகால் உயர்ந்த செருப்போடுதான் இருந்தேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அந்த நாற்காலியில் மெத்தைகூட இருந்தது.

அப்போது கதவோரம் ஒதுங்கி நின்ற என் கணவர் வந்தார். எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாமல் இத்தனை நேரம் அங்கேயே நின்றிருக்கிறார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெண்களிடம் “எக்ஸ்கியூஸ் மீ” என்று சொல்லிவிட்டு, அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முழங்கால்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் பட்டுப்புடவைகள்.

இப்போது காலியாக இருந்தது கர்னலின் நாற்காலி மட்டும்தான். அவர் என் கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. கடைசியில் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மிகவும் வேண்டாவெறுப்பாக, உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவே இல்லை. கேமராக்காரி மறுபடி கேமராவை உயர்த்தி, பின்வரிசையில் பச்சைப் புடவை கட்டியவரின் முகம் மறைகிறது என்றாள்.

கர்னல் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே குரலை உயர்த்தினார். அந்தக் குரலில் இப்போது தேன் இல்லை. அணிவகுப்பு மைதானத்துக் குரல்.

“ஸ்குவாட்ரன் லீடர், ஒரு அடி இடது பக்கம்.”

“எஸ் சார்” என்று நகர்ந்து நின்றேன்.